மாஸ்டோடனில் மூன்று வருடம்: தலைவர்கள் இல்லாத ஊரில் வெளியுறவு பேசிய அனுபவம்

2022 அக்டோபர் கடைசியில் எலான் மஸ்க் 44 பில்லியன் டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கி முடித்தார். அடுத்த வாரமே நான், ட்விட்டர் போலவே சின்னச் சின்னப் பதிவுகள் போடுகிற மாஸ்டோடனில் கணக்கு திறந்தேன். கோபத்தில் போகவில்லை. ஐ.நா. தீர்மானங்களை வரி வரியாகப் பிரித்து வாசிக்கிற நாலைந்து பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து வந்தேன், அவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள், நானும் பின்னாலேயே போய்விட்டேன். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெளியுறவு, உலகத் தலைவர்கள், போர்நிறுத்தம் என்று இந்த விஷயங்களைப் பின்தொடர அது எப்படிப்பட்ட இடம் என்பதை மட்டும் எழுதுகிறேன். பூனைப் படம் போட எப்படி இருக்கும் என்று கேட்டால், நன்றாகவே இருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2016-ல் யூஜின் ராச்கோ என்பவர் ஆரம்பித்தது. ஒரே கம்பெனியின் தளம் கிடையாது. ஆளாளுக்கு சர்வர் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்மின், தனித்தனி விதிகள், ஆனால் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். ஒரு சர்வர் நடத்தை பிடிக்கவில்லை என்றால் இன்னொரு சர்வர் அதோடு தொடர்பையே துண்டித்துக்கொள்ளும். தூதரை வெளியேற்றுகிற மாதிரிதான். சேர்ந்த முதல் மாதமே இப்படி இரண்டு சர்வர்கள் முறைத்துக்கொண்டதை வேடிக்கை பார்த்தேன், தூதர்களை நடத்தும் விதிகளைச் சொல்லும் வியன்னா ஒப்பந்தம் மட்டும்தான் குறை.

முதல் சர்வர் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. ஒரே ஒரு அட்மின், வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் 'மூன்று மாதத்தில் மூடுகிறேன், எல்லோரும் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிட்டார். அவர்மேல் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. கணக்கை மாற்றினால் பின்தொடர்கிறவர்கள் கூடவே வந்துவிடுவார்கள், நாம் எழுதிய பதிவுகள் வராது. ஒரு ஐ.நா. பாதுகாப்பு சபைக் கூட்டத்தை உட்கார்ந்து பார்த்து நேரலையாக நான் எழுதிய நாற்பது பதிவுத் தொடர் அந்த சர்வரோடு போயே போய்விட்டது. காப்பகமாக எடுத்து வைத்த ஜிப் கோப்பு இருக்கிறது, அதை யார் திறந்து படிக்கப்போகிறார்கள்? சேருகிறவர்கள் சர்வரைப் பார்த்துச் சேருங்கள். அட்மின் ஒருவரா மூவரா, செலவுக் கணக்கு வெளியே போடுகிறார்களா என்று பாருங்கள். அழகான பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தத் 'தனித்து நிற்கும்' சமூகங்களில் பல, ஏதோ ஒரு நாட்டின் டொமைனில்தான், அதாவது அந்த நாட்டுக்கு ஒதுக்கிய இணைய முகவரி வாலில்தான், உட்கார்ந்திருக்கின்றன. ஏஎஃப் என்று முடிவது ஆப்கானிஸ்தானுக்கு உரியது. க்வியர் டாட் ஏஎஃப் என்று ஒரு மாஸ்டோடன் சர்வர் அதில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு டொமைனை முடக்கியது, சர்வர் அந்தப் பெயரில் செத்தது. ஐஓ இன்னும் சுவாரசியம். அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு, அதாவது சாகோஸ் தீவுகள். அந்தத் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்ததும் எங்கள் டைம்லைனில் பாதிப் பேர் அங்கிருக்கும் டியேகோ கார்சியா ராணுவத் தளத்தைப் பற்றிப் பேசினார்கள், மீதிப் பேர் தங்கள் சர்வர் முகவரிக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட்டார்கள். வெளியுறவு ஒப்பந்தம் ஒன்று என் நண்பர்களின் முகவரியைத் தொட்டதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

சரி, தலைவர்கள் இருக்கிறார்களா? கிட்டத்தட்ட இல்லை. இருப்பவை அலுவலகங்கள். ஐரோப்பிய ஆணையத்துக்குக் கணக்கு உண்டு, ஜெர்மன் அரசுத் துறைகள் பல உண்டு, நெதர்லாந்து அரசு தனக்கென்றே ஒரு சர்வர் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் 2022 ஏப்ரலில் ஒரு சோதனை சர்வர் தொடங்கி, எடுத்து நடத்த வேறு ஆள் கிடைக்காமல் 2024 மே மாதம் மூடிவிட்டது. 2024-ல், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் தளமான த்ரெட்ஸில் பைடனுக்கு இருந்த கணக்கை மாஸ்டோடனிலிருந்தே பின்தொடர வழி வந்தபோது, ஆகா, அமெரிக்க அதிபரே வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் மெட்டா பக்கமே வேண்டாம் என்று பல சர்வர்கள் த்ரெட்ஸை மொத்தமாக ப்ளாக் செய்திருந்தன, அங்கே இருப்பவர்களுக்கு அதிபர் கண்ணிலேயே படவில்லை. எங்கள் சர்வரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். ப்ளாக் வேண்டாம் என்று முடிவானது. ஆனாலும் அட்மினிடம் வீட்டோ, அதாவது முடிவைத் தடுக்கும் உரிமை, இருக்கிறது என்பது வாக்களித்த எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. டிரம்பின் ட்ரூத் சோஷியல் ஓடுவதே மாஸ்டோடன் நிரலை எடுத்துத்தான், 2021-ல் மூல நிரலை வெளியிடவில்லை என்று மாஸ்டோடன் தரப்பு கடிதம் அனுப்பிய பிறகுதான் வெளியிட்டார்கள். ஆக, 2025 மே 10 அன்று இந்தியா, பாகிஸ்தான் போர்நிறுத்தத்தை அவர் உலகத்துக்கு அறிவித்த இடம் எங்களுக்கு ஒரு வகையில் பங்காளி வீடு. ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது, அந்த வீட்டுக் கதவு மற்ற சர்வர்களுக்குத் திறக்காது. அதனால் பங்காளி வீட்டுச் செய்தி எங்களுக்கு ஸ்கிரீன்ஷாட்டாக, அதுவும் தாமதமாக வந்தது.

அந்த மாலையை வைத்தே இந்த இடத்தை எடைபோடலாம். வேகத்தில் மாஸ்டோடன் தோற்றது, சந்தேகமே இல்லை. எக்ஸில் எல்லாம் முடிந்து அடுத்த சண்டை ஆரம்பித்த பிறகுதான் எங்களிடம் செய்தி சூடுபிடித்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒருவர் இரண்டு அறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டிரம்பின் பதிவில் அமெரிக்கா நடுவில் நின்று பேசியதாக வருகிறது. இந்திய வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி வாசித்த அறிக்கையிலோ பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைவர் இந்தியத் தரப்பை மாலை 3.35-க்கு அழைத்தார், 5 மணி முதல் எல்லாம் நிற்கும், அவ்வளவுதான். மூன்றாம் நாட்டின் பெயரே இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது என்று அவர் ஒரே வரியில் முடித்தார். அடுத்த நாள் அதே மிஸ்ரி, வசவு தாங்காமல் எக்ஸ் கணக்கைப் பூட்டி வைக்க வேண்டி வந்தது. அறிக்கை வாசித்த அதிகாரியை, அதுவும் குடும்பத்தையும் சேர்த்து இழுத்துத் திட்டினார்கள். மாஸ்டோடனில் வசவே இல்லை என்று சொல்ல மாட்டேன், வாங்கியிருக்கிறேன். ஆனால் திட்டுகிறவனைத் தூக்கிப் பிடித்து ஊருக்கெல்லாம் காட்ட ஓர் அல்காரிதம் அங்கே இல்லை. நேர வரிசையில் வரும், போகும்.

எனக்குப் பிடித்த நாள் இன்னொன்று. 2025 பிப்ரவரி 24, உக்ரைன் போரின் மூன்றாம் ஆண்டு நிறைவு. ஐ.நா. பொதுச் சபையில் ஐரோப்பாவும் உக்ரைனும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 93 ஆதரவு, 18 எதிர்ப்பு. எதிர்த்தவர்கள் பட்டியலில் ரஷ்யாவோடு அமெரிக்கா! அன்றே பாதுகாப்பு சபையில் அமெரிக்காவின் சின்னத் தீர்மானம் 10 வாக்குகளோடு நிறைவேறியது, பிரிட்டன், பிரான்ஸ் உட்பட ஐந்து ஐரோப்பிய நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. 'நிரந்தர உறுப்பினர்களின் இசைவான வாக்கு வேண்டும் என்று ஐ.நா. சாசனத்தின் 27-வது விதி சொல்கிறதே, ஒதுங்கினால் அது எப்படி இசைவாகும்?' என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆரம்ப காலத்திலிருந்தே சபை அப்படித்தான் நடந்துகொண்டு வருகிறது, 1971-ல் நமீபியா பற்றிய ஆலோசனைக் கருத்துரையில் சர்வதேச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது என்று பதில் வந்தது, பத்தி எண்ணோடு. கேட்டவரை யாரும் கிண்டல் பண்ணவில்லை. இதற்காகத்தான் இருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 2023 வரை ஹேஷ்டேக் தவிர வேறு எதையும் ஒழுங்காகத் தேட முடியாது. இப்போது தேடலாம், ஆனால் எழுதியவர் சம்மதித்திருந்தால்தான் அவர் பதிவு கிடைக்கும். திடீரென்று ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு என்றால் மாஸ்டோடனில் தேடிக்கொண்டிருப்பது வீண் வேலை. தனிச்செய்திகளுக்கு மறையாக்கம் இல்லை, சர்வர் அட்மின் நினைத்தால் படிக்கலாம். அரசு வேலையில் இருப்பவர்கள் அதில் ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். அப்புறம், எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கிறவர்களாகச் சேர்ந்துகொள்கிற அலுப்பு. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று பார்க்க இன்னமும் எக்ஸுக்குத்தான் போகிறேன். அங்கே ஒன்றும் எழுதுவதில்லை, அமைச்சகங்களின் கணக்குகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

தமிழில் இதையெல்லாம் பேச அங்கே ஆள் குறைவு. ஒருமுறை பாதுகாப்பு சபையின் 1967-ன் 242-வது தீர்மானம் பற்றி எழுதினேன். இஸ்ரேல் பின்வாங்க வேண்டியது கைப்பற்றிய எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சில பகுதிகளிலிருந்து மட்டுமா என்று இத்தனை வருடமாகச் சண்டை, காரணம் ஆங்கில வாசகத்தில் 'அந்த' என்று சுட்டுகிற 'தி' என்ற ஒரு சொல் இல்லாதது. பிரெஞ்சில் 'தே' என்று இருக்கிறது, அது எல்லாப் பகுதிகளையும் குறிக்கும் என்பது எதிர்வாதம். தமிழில் 'கைப்பற்றிய பகுதிகளிலிருந்து' என்று எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் தனக்கே சாதகம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கடைசியில் சேர்த்திருந்தேன். வந்தது இரண்டே பதில். ஒருவர் தமிழர், சிரித்துவிட்டுப் போனார். இன்னொருவருக்குத் தமிழ் தெரியாது, கருவியில் மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார். அந்தக் கருவி என் தமிழ் வாக்கியத்தில் 'தி'யைச் சேர்த்துவிட்டதாம், அப்படியென்றால் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தார்.