தீவு ரிசார்ட்டில் வில்லா வாங்க முன்பதிவு செய்யப் போகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

கட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொகுசு ரிசார்ட்டில் வில்லா வாங்கினால் முதல் மூன்று வருடம் நமக்கு வாடகை வருமானம் உறுதி என்றார்கள். முன்பணம் கட்டினேன், அப்புறம் நான்கு தவணையும் கட்டினேன். இன்றைக்கு அந்தத் தீவில் இருப்பது ஒரு படகுத்துறையும் பாதியில் நிற்கும் தூண்களும்தான்.

நிலத்தை வாங்குகிறேன் என்று நினைத்ததுதான் முதல் தப்பு. சின்னத் தீவுகள் பலவற்றில் நிலம் அரசுக்கோ அங்குள்ள மக்களுக்கோ சொந்தம், கட்டுகிறவருக்குக் குத்தகை மட்டும்தான். மாலத்தீவு ரிசார்ட்டுகள்கூட அரசிடம் குத்தகைக்கு எடுத்த தீவுகளில்தான் நடக்கின்றன. ஆக, எனக்குக் கிடைத்தது உள்குத்தகை, அதாவது கம்பெனி எடுத்த குத்தகைக்குள் எனக்குக் கொடுத்த ஒரு குத்தகை. கம்பெனி பணம் கட்டாமல் மூலக் குத்தகை ரத்தானால் என்னுடையதும் சேர்ந்தே போகும். மூலக் குத்தகையின் நகலைக் கேட்டபோது "வக்கீலிடம் இருக்கிறது" என்று எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். அப்போதே விலகியிருக்க வேண்டும்.

வாடகையும் முதல் வருடம் வந்தது உண்மை. திறக்காத ரிசார்ட்டுக்கு யார் வந்து தங்கி வாடகை கொடுத்தார்கள்? வில்லா விலையில் ஏற்றி என்னிடம் வாங்கியதையே பிரித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள், அதைப் பார்த்து நம்பித்தான் மீதித் தவணைகளைக் கட்டினேன்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. பவளத் தீவுகளில் நிலத்தடியில் இருப்பது உப்புநீர் மேல் மிதக்கும் மழைநீர்ப் படலம், அளவுக்கு மீறி இறைத்தால் உப்பாகிவிடும். வில்லாவுக்கு ஒரு நீச்சல் குளம் என்றால் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வேண்டும், அதை ஓட்ட ஜெனரேட்டரோ சோலாரோ வேண்டும், இரண்டுக்கும் பெரிய செலவு. அவர்கள் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. நேரில் போனபோது ஆலைக்கு அஸ்திவாரம்கூடப் போடவில்லை, ஆனால் கடற்கரையை அகலமாக்கக் கடலுக்குள்ளிருந்து மணலை மட்டும் அள்ளியிருந்தார்கள். பக்கத்துத் தீவு மீனவர்கள் பவளப்பாறையெல்லாம் மண் மூடிவிட்டது, மீன் வருவதில்லை என்றார்கள். எனக்குப் போனது பணம், அவர்களுக்குப் போனது பிழைப்பு.

தவணைகளைக் கட்டுமானத்துக்கென்று பூட்டிவைத்த எஸ்க்ரோ கணக்கில் கட்டியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். நான் கட்டியதெல்லாம் நேரே கம்பெனி கணக்குக்குப் போனது.

இப்போது அதே படங்களை வைத்து வேறு பெயரில் முன்பதிவு வாங்குகிறார்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், அடுத்த தவணைக்கு முன்னால் ஒப்பந்தத்தை அவர்கள் காட்டும் வக்கீலிடம் இல்லாமல் உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள், தயவுசெய்து.