சரக்கோடு கடை எடுக்கிறீர்களா? அடி மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கடையைச் சரக்கோடு எடுத்து 3,29,000 ரூபாய் விட்டிருக்கிறேன். விற்றவர் பெயர் வேண்டாம், விஷயம் வக்கீல் வரை போயிருக்கிறது.

ஸ்டாக் லிஸ்டில் 8,000 டி-ஷர்ட், பீஸ் 140 ரூபாய், மொத்தம் 11,20,000 என்று ஒரே வரிதான் இருந்தது. பனியன் தொழிலில் செகண்ட்ஸ், அதாவது குறையுள்ள பீஸ், இல்லாத குடோனே கிடையாது, அதற்கென்று தனி வரி ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். மேல் அடுக்கில் நாலைந்து கட்டைப் பிரித்துக் காட்டினார், எல்லாம் பளிச்சென்று இருந்தன. சாவி கைக்கு வந்து இரண்டாவது வாரம் அடி மூட்டைகளை இறக்கினால் கழுத்துப் பட்டியில் ஊசி ஓட்டை, ஆயில் கறை, உடம்பு ஒரு ஷேடு கை ஒரு ஷேடு. மொத்தம் 3,000 பீஸ், அதில் 400 பூஞ்சை பிடித்து நாறிக் கிடந்தது.

கேட்டால், "கணக்கு ஆடிட்டர் பார்த்ததுதானுங்களே" என்கிறார். பேலன்ஸ் ஷீட்டை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன், இருப்புச் சரக்கு பக்கத்தில் 'நிர்வாகம் மதிப்பிட்டு உறுதி அளித்தபடி' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதாவது அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள், யாரும் மூட்டையைப் பிரிக்கவில்லை.

முறைப்படி, வாங்கிய விலை, விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதில்தான் சரக்கை எழுத வேண்டும். வருமான வரிச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நல்லதையும் கெட்டதையும் கலந்து சராசரி போட்டு மறைக்கவும் கூடாது. மிச்சமிருந்த 2,600 செகண்ட்ஸைக் காதர்பேட்டை வியாபாரி ஒருவர் பீஸ் 40க்கு எடுத்தார், பிரிக்கிற கூலி, வண்டி வாடகை 5 ரூபாய் போக 35, ஆக 91,000. லிஸ்டில் அந்த 3,000க்கு நான் கொடுத்தது 4,20,000.

இதைவிடக் கடுப்பு என்னவென்றால், கடைசி இருப்பை ஏற்றிக் காட்டினால் அந்த வருட லாபமும் ஏறும், அந்த லாபத்தைப் பார்த்துத்தான் நான் குட்வில் என்று, கடையின் பேருக்காக, தனியாக வேறு கொடுத்தேன். தூக்கிப் போட்ட 400 பீஸுக்கு எடுத்திருந்த ஜிஎஸ்டி கிரெடிட்டையும் (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) திருப்பிக் கட்டச் சொல்லிவிட்டார் என் ஆடிட்டர், சட்டம் அப்படியாம். குறைந்த விலைக்கு விற்றதற்கு அந்தத் தொல்லை இல்லை.

பேசிய தொகையில் இன்னும் 2 லட்சம் நான் தர வேண்டும், நிறுத்தி வைத்திருக்கிறேன். போன வாரம் அவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, அதிலும் சரக்கு மதிப்பு 11,20,000 என்றே போட்டிருக்கிறார்.