காசு போட்டுக் கழுவுவதா, வீட்டு வாசலில் கழுவுவதா: ரொறொன்ரோக் காரின் கதை

ஜனவரி மாதத்தில் ரொறொன்ரோவில் எல்லாக் காரும் ஒரே நிறம்தான். கறுப்போ சிவப்போ, பனி உறையாமல் இருக்கத் தெருவில் தூவுகிற உப்பு மேலே சாம்பலாகப் படிந்து கிடக்கும். கதவைத் திறக்கும்போது ஜாக்கெட் உரசினால் அதிலும் ஒரு வெள்ளைக் கோடு விழும். இந்தக் காலத்தில், காசு போட்டு நாமே கழுவுகிற செல்ஃப் சேர்வா வீடா என்ற கேள்விக்கே இடமில்லை. வெளிச்சுவரில் இருக்கிற தண்ணீர்க் குழாயை நவம்பர் அளவிலேயே பேஸ்மென்டுக்குள் இருந்து பூட்டிவிடுவோம். பூட்டாமல் விட்டால் பைப் உறைந்து வெடிக்கும். ஏப்ரல் வரைக்கும் வீடு போட்டியிலேயே இல்லை.

குளிர்காலத்தில் ஏன் கழுவ வேண்டும், எப்படியும் நாளைக்கு ஊத்தையாகத்தானே போகிறது என்று கனபேர் கேட்பார்கள். மேலே தெரிகிற ஊத்தை பிரச்சினையில்லை, அடியில் இருக்கிற உப்புத்தான் பிரச்சினை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் இரும்பு வேகமாகக் கறள் பிடிக்கும். ரயருக்கு மேலே உள்ள வளைவு, கதவுக்குக் கீழே ஓடுகிற விளிம்பு, பிரேக் லைன், இவைதான் முதலில் போகிற இடங்கள். சூடான கராஜுக்குள் காரை விடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளியே உறைந்து கிடக்கிற உப்பு உள்ளே வந்ததும் கரைந்து தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இந்த வேலைக்குச் செல்ஃப் சேர்வை அடிக்க ஆளில்லை. வீட்டு ஹோஸில் வருகிற அழுத்தம் சாதாரணமாக 40, 60 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கிற அலகு). அங்கே இருக்கிற துப்பாக்கிக் குழாயில் 1000, 1200 வரும். ஆனால் காசைப் போட்டதும் ரைமர் ஓடத் தொடங்கும், பதற்றத்தில் எல்லாரும் முதலில் கூரைக்குத்தான் அடிப்பார்கள். நான் சொல்வேன், காசு போட முன்னமே ரயருக்குப் பின்னால் தொங்குகிற பனிக்கட்டியைத் தட்டி விழுத்திவிடுங்கள், கால் விரிப்புகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு குனிந்து, குழாயைத் தரையோடு பிடித்து, நாலு ரயர் வளைவுக்குள்ளும் காரின் அடியிலும் அடியுங்கள். மிச்ச நேரம் மேலுக்குப் போதும். பெயின்றுக்கு அடிக்கும்போது ஒரு அடியாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். கல் பட்டுத் தெறித்த இடம் இருந்தால் பெயின்ற் உரிந்து வரும்.

வெப்பநிலை சைபரைத் தாண்டுகிற நாளாகப் பார்த்துப் போவது நல்லது. மைனஸ் பத்துக்குக் கீழே என்றால் போகவே வேண்டாம், கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும். எந்த நாளில் கழுவினாலும் கையோடு நாலு கதவையும் திறந்து ரப்பர் விளிம்பைத் துவாயால் துடைத்துவிட வேண்டும். பெற்றோல் மூடியை மறக்கக் கூடாது. அது உறைந்து கிடப்பது பெற்றோல் அடிக்கப் போய் நிற்கும்போதுதான் தெரியவரும்.

கோடையில் கதை தலைகீழ். செல்ஃப் சேர்வில் தும்புத்தடி மாதிரி ஒரு நீளப் பிரஷ் தொங்கும், அதில் நுரை கொட்டும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுக்கு முன்னால் ஒருவர் சேறு அப்பிய பிக்கப்பை அதே பிரஷால் தேய்த்துவிட்டுப் போயிருப்பார். அந்த மண் நாருக்குள் இருக்கும். பெயின்றுக்கு மேலே இருக்கிற தெளிவான பூச்சு சுமார் 40, 50 மைக்ரோன்தான் (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்), தலைமுடியை விட மெல்லியது. வெயிலில் காரைப் பக்கவாட்டாகப் பார்த்தால் வட்ட வட்டமாகச் சிலந்தி வலை போலக் கீறல் தெரிவது இப்படித்தான் வருகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பிரஷைத் தொடவே கூடாது. தண்ணீர் அடிக்கலாம், சவர்க்காரம் தெளிக்கலாம், அவ்வளவுதான்.

கை வைத்துக் கழுவ வீடுதான் வசதி. இரண்டு வாளி, ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மிற்றை, அதாவது கழுவுகிற கையுறையை, ஷாம்பில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவி, வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்பு. மேலே தொடங்கிக் கீழே வர வேண்டும், ரயரும் கீழ் விளிம்பும் கடைசியில். கோப்பை கழுவுகிற சோப் வேண்டாம், அது பூசியிருக்கிற மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும். பறவை எச்சமும் மரப்பாலும் காய்ந்திருந்தால் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊறவிடலாம். ரைமர் ஓடுகிற இடத்தில் அந்தப் பொறுமைக்கு வழியில்லை.

செலவில் வீடுதான் மலிவு. அவசரப்படாமல் திட்டத்தோடு போனால் செல்ஃப் சேர்வ் பத்து டொலர் அளவில் முடியும். வீட்டில் தண்ணீருக்கு ஒரு டொலர் அளவுதான், ஷாம்புப் போத்தல் மாதக்கணக்கில் வரும்.

வீட்டில் கழுவுவதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. ட்ரைவ்வேயில் இருந்து ஓடுகிற சவர்க்காரத் தண்ணீர் தெருவோர வடிகாலுக்குள் போகும். ரொறொன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் அந்த மழைநீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமல் ஹைலன்ட் கிறீக்குக்கோ ரூஜ் ஆற்றுக்கோ போய், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்குள் விழும். நாங்கள் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீரைத்தான். மழைநீர் வடிகாலுக்குள் சவர்க்காரம் விடுவதை நகரசபை விதி அனுமதிப்பதும் இல்லை. செல்ஃப் சேர்வில் அந்தத் தண்ணீர் மண் பிடிக்கிற தொட்டி வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குப் போய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சேரும். வீட்டில் கழுவுகிறவர்கள் காரைப் புல்லில் நிறுத்தலாம், அல்லது வாளியில் மிஞ்சுவதைத் தெருவில் ஊற்றாமல் உள்ளே சிங்கில் ஊற்றலாம்.

இதெல்லாம் ட்ரைவ்வே உள்ளவர்களின் பேச்சு. கொண்டோவில் இருப்பவருக்கும் பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் ஹோஸ் ஏது? செல்ஃப் சேர்வுக்கு வாளி கொண்டுபோனால் பல இடங்களில் விடமாட்டார்கள். அவர்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற திரவம் உதவும். ஒரு வாளித் தண்ணீரில் போத்தலில் சொன்ன அளவு கலந்து, துணியைத் தோய்த்துத் துடைத்தால் சரி, அலசத் தேவையில்லை. மெல்லிய தூசுக்கு மட்டும்தான், உப்புக்கும் சேற்றுக்கும் கிட்டவும் போகக் கூடாது. உப்பும் சேறும் இருந்தால் முதலில் செல்ஃப் சேர்வில் தண்ணீரால் மட்டும் வடிவாக அடித்துவிட்டு வந்து, பிறகு பார்க்கிங்கில் நின்று துடைக்கலாம்.

ட்ரைவ்வே உள்ளவர்களும் ஏப்ரலில் வெளிக்குழாயைத் திறந்த கையோடு வாளியைத் தூக்க வேண்டாம். கடைசி ஸ்னோ கரைந்து, மழை தெருவைக் கழுவியபிறகு, ஒருக்கால் செல்ஃப் சேர்வுக்குப் போய் அடியில் மிஞ்சியிருக்கிற உப்பை அடித்து எடுத்துவிட்டு வாருங்கள்.