ஃபிஜி, சிலி, மெக்சிகோ: பல்லேகலே பதிவுகளோடு ஏழு ஆண்டுகள்

2018 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 5:49க்கு ஃபிஜி பக்கம் சுமார் 600 கிலோமீட்டர் ஆழத்தில் 8.2 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. அந்த ஆழத்தில் வந்ததால் பெரிய சேதம் இல்லை, செய்தியிலும் அதிகம் பேசவில்லை. அன்று மாலைதான் என் மடிக்கணினியில், நிலநடுக்கப் பதிவுகளைப் படிக்கும் ஆப்ஸ்பை நிரலை முதன்முதலாக ஓட்டினேன். மதுரையில் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். நிலநடுக்க அலைகள் நேராக வந்து சேராத நிழல் மண்டலம் என்ற படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். அது உண்மையில் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

ஆப்ஸ்பை, ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவசப் பைத்தான் தொகுப்பு. உலக நிலையங்களின் பதிவுகளை ஐரிஸ் என்ற அமெரிக்க அமைப்பின் தரவு மையத்திலிருந்து அதுவே இறக்கிக்கொள்ளும். 2023 ஜனவரியிலிருந்து அந்த அமைப்பு யுனாவ்கோ என்ற இன்னொரு அமைப்புடன் இணைந்து எர்த்ஸ்கோப் ஆகியிருக்கிறது. காசு கிடையாது. சாதாரண மடிக்கணினி போதும். எனக்குக் கிட்டத்தில் இருக்கும் நல்ல நிலையம் இலங்கையில், கண்டிக்கு அருகே பல்லேகலேயில் இருக்கிறது. இந்த ஏழு வருடத்தில் நான் அதிகம் திறந்தது அந்த ஒரு நிலையத்தின் பதிவுகளைத்தான்.

முதல் இரண்டு நாள் வீண். நேரத்தை இந்தியக் கணக்கில் கொடுத்து, வெறும் இரைச்சலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரவு முழுக்க உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான். இன்னொன்று, ஆரம்பத்தில் விநாடிக்கு ஒரு அளவீடு மட்டும் உள்ள எல்ஹெச்இசட் (LHZ) தடத்தை எடுங்கள். கோப்பு சின்னதாக இருக்கும், நெட் மெதுவாக இருந்தாலும் வந்துவிடும்.

சரி, அந்த ஃபிஜி பதிவு. நில அதிர்வுக்காரர்கள் தூரத்தைப் பாகையில் சொல்வார்கள்: பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் நடுக்கமும் நிலையமும் எவ்வளவு கோணம் விலகியிருக்கின்றன என்று. ஃபிஜிக்கும் பல்லேகலேக்கும் சுமார் 103 பாகை. பாடப்புத்தகத்தில், எல்லாவற்றுக்கும் முதலில் வந்து சேரும் முதன்மை அலையின் நிழல் தொடங்கும் இடமும் ஏறக்குறைய அதேதான். 2,891 கிலோமீட்டர் ஆழத்தில் கவசம் என்ற பாறை அடுக்கு முடிந்து உருகிய இரும்பாலான வெளிக்கரு தொடங்குகிறது. விநாடிக்கு 13.7 கிலோமீட்டர் வேகத்தில் வந்த முதன்மை அலை அங்கே சட்டென்று 8 கிலோமீட்டருக்கு இறங்குகிறது. வேகம் குறைந்தால் பாதை வளையும். கிணற்றுக்குள் விட்ட கயிறு தண்ணீர்மட்டத்தில் ஒடிந்த மாதிரி தெரியுமே, அதே விதி. அலை உள்ளே மடங்கிப் போய், வெகுதூரம் தள்ளித்தான் மேலே வருகிறது. இடைப்பட்ட வளையம் நிழல்.

ஆனால் நான் பார்த்தது கத்தியால் வெட்டிய நிழல் இல்லை. நடுக்கம் தொடங்கி ஏறக்குறைய 13 நிமிடத்தில் மெல்ல எழும் ஒரு மேடு இருந்தது. கருவின் விளிம்பை ஒட்டி வழிந்து வந்த விளிம்பு விலகல் அலை அது. இரும்புக் கடலின் கரையோரமாகவே நடந்து வந்திருக்கிறது. வேகமான அதிர்வுகள் வழியிலேயே உதிர்ந்துவிடும், நீண்ட அலைகள் மட்டும் தப்பும். அதனால் விநாடிக்கு ஒரு அதிர்வு, அதாவது 1 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ளதை மட்டும் வடிகட்டி எடுத்தால் ஒன்றும் தெரியாது. வடிகட்டியை 0.02 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரை வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒளி ஓரத்தில் வளைவதைப் பன்னிரண்டாம் வகுப்பில் நடத்திய அதே வாரத்தில் இதைப் பார்த்தேன். பாறையும் அதையே செய்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாள் ஆனது.

அப்புறம்தான் மற்ற இடங்களைக் கணக்குப் போட்டேன். நம் பக்கத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அப்போதுதான் புரிந்தது. 2015 செப்டம்பர் 16 சிலி நாட்டு இல்லாபெல் நடுக்கம், அளவு 8.3. பல்லேகலேயிலிருந்து ஏறக்குறைய 144.6 பாகை. வெளிக்கரு ஒரு லென்ஸ் மாதிரி அலைகளைக் குவிக்கும் தூரம் அதுதான், 144, 145 பாகை. பதிவில் பத்தொன்பதரை நிமிட வாக்கில் கூரான எழுச்சி வரும். ஃபிஜியிலிருந்து சுமார் 11,400 கிலோமீட்டர் வந்த அலை மங்கியிருக்க, 16,000 கிலோமீட்டர் தாண்டி வந்தது இப்படி நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இங்கே வடிகட்டி நேர் எதிர்: 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ். விநாடிக்கு ஒரு அளவீடு உள்ள தடம் இதற்குப் போதாது.

மெக்சிகோ இன்னும் தூரம், பசிபிக் கரையோர நடுக்கங்களுக்கு 155 பாகை சுமார். அங்கிருந்து வரும் முதல் அலை உட்கருவையே துளைத்து வருகிறது. டென்மார்க்கின் நில அதிர்வு அறிஞர் இங்கெ லேமன் (Inge Lehmann) 1936இல் உட்கரு இருக்கிறது என்று சொன்னது, 1929 நியூசிலாந்து நடுக்கத்தின் அலைகள் வரக்கூடாத இடங்களில் வந்திருந்ததை வைத்துத்தான். அவரிடம் கணினி இல்லை. காகிதத் தடங்களைக் கண்ணால் படித்தே, 1,200 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேலே ஆரம் உள்ள ஒரு பந்தைக் கண்டுபிடிக்க வழி போட்டார். நான் மூன்று வரி நிரலில் அதே பாதைகளை வரைந்துகொள்கிறேன். அந்த வித்தியாசத்தை நினைக்காமல் இந்த நிரலைத் திறந்ததே இல்லை.

மெக்சிகோவில் ஒரு பாடம் கற்றேன். 2017 செப்டம்பர் 8 சியாபாஸ் நடுக்கம் 8.2 என்பதால் தெளிவாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பெரிய நடுக்கத்தில் பிளவு கிழிய ஒரு நிமிடம் கூட ஆகும். உட்கரு வழி வந்த அலையும் வெளிக்கரு வழி வந்த அலையும் இருபது விநாடி இடைவெளியில்தான் வரும், அதனால் ஒன்றின் வால் மற்றதன் தலையை மூடிவிடுகிறது. 6.5, 6.8 அளவுள்ளவைதான் சுத்தமாகப் பிரிகின்றன. ஆழமான நடுக்கமாக இருந்தால் இன்னும் நல்லது, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலைகள் பின்தங்கித்தான் வரும்.

ஆப்ஸ்பைக்குள் இருக்கும் டாவ்பி என்ற நேரக் கணிப்பான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆழத்தையும் தூரத்தையும் கொடுத்தால் எந்த அலை எப்போது வரும் என்று பட்டியலிடும். ஆனால் அது மேலிருந்து கீழ் வரை ஒரே சீரான அடுக்குகள் உள்ள பூமி மாதிரியைத்தான் வைத்துக் கணிக்கிறது. பதிவு ஒன்றிரண்டு விநாடி முன்பின் வரும். முதல் வருடம் அதை என் பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். பிழை இல்லை, அந்த வழியில் கவசம் கொஞ்சம் சூடாகவோ குளிராகவோ இருக்கிறது. அந்த மிச்ச விநாடிகளைப் பல்லாயிரக்கணக்கில் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் பூமிக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள்.

வீட்டிலும் நில அதிர்வைப் பிடிக்கும் ஒரு சின்ன ஜியோஃபோன் கருவி வாங்கி வைத்தேன். மாடியில் வைத்ததால் போர் மோட்டாரும் பேருந்தும்தான் பதிவானது. தரைத்தளத்தில், மண்ணோடு ஒட்டிய சிமென்ட் மூலையில் வைத்து, நடு இரவுப் பதிவை மட்டும் எடுத்தால் ஓரளவு பயன்படும். கருவைப் பார்க்க நினைப்பவர் முதலில் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

குறை என்று சொன்னால், தமிழில் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை, பிழைச் செய்திகள் புதியவரைப் பயமுறுத்தும். கருவி தன் பங்குக்குப் பதிவில் செய்யும் மாற்றத்தை நீக்கும் வேலை எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது.

என் மாணவிகள் போன வருடம் ஃபிஜி நடுக்கத்தின் உலகப் பதிவுகளைத் தூர வரிசையில் அடுக்கி அச்செடுத்தார்கள். முதன்மை அலைக்குப் பின்னால், பாறையைக் குறுக்காக அசைத்துக்கொண்டு வரும் இரண்டாம் அலையின் கோடு நூறு பாகை சுமாருக்குப் போய் மங்கி மறைகிறது. திரவத்துக்குள் அது போகாது. ஒருத்தி ஸ்கேலை வைத்து அது நிற்கும் இடத்தைக் குறித்துவிட்டு, அதிலிருந்து கருவின் அளவைக் கணக்கிட முடியுமா மிஸ் என்று கேட்டாள். இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.