பாட்டியின் ஞாபகமா, பங்குக் கோயில் ஏடா, எச்சில் சோதனையா? மெக்சிகோவில் வேர் தேடும் மூன்று வழிகள்

மெக்சிகோ குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடப் புறப்பட்டால் எதிரே மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, வீட்டில் இருக்கும் பாட்டி. இரண்டு, கத்தோலிக்கக் கோயிலும் அரசும் எழுதி வைத்த பதிவேடுகள். மூன்று, குழாயில் துப்பி அனுப்பும் டிஎன்ஏ சோதனை. மூன்றில் பணம் கேட்பது கடைசி வழிதான். அதிலிருந்தே தொடங்குபவர்களும் பலர். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது.

ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். ஹலிஸ்கோ மாநிலத்தின் மேட்டு நிலமான லோஸ் ஆல்தோஸில் 1927இல் பிறந்தவர். பிள்ளைகளோடு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்துவிட்டார். சொந்த ஊர் எது என்று கேட்டால் "குவாதலஹாரா" என்பார். பொய் சொல்லவில்லை, வெளியூர்க்காரர்களுக்குப் புரியட்டும் என்று தெரிந்த நகரத்தின் பெயரைச் சொல்கிறார். அதை நம்பிக் குவாதலஹாரா ஏடுகளைப் புரட்டினால் ஒரு வரிகூடக் கிடைக்காது. அவர் பிறந்தது அங்கிருந்து வடகிழக்கே, நாலைந்து வீடுகள் மட்டும் இருந்த ஒரு ராஞ்சோவில், அதாவது பண்ணைக் குடியிருப்பில். அந்த ராஞ்சோவின் பெயர் வரைபடத்தில் இல்லாமல் போகலாம். பாட்டியின் வாயில் இருக்கும்.

பாட்டியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான். ஆண்டு, வயது, வரிசை எல்லாவற்றிலும் அவர் தடுமாறுவார். ஆனால் எந்த ஏட்டைத் திறப்பது என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.

கதைகளை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்க வேண்டும். லோஸ் ஆல்தோஸ் குடும்பங்களில் பச்சைக் கண்ணோ வெளிர் நிறமோ இருந்தால், "பிரெஞ்சுச் சிப்பாய் வழி" என்று ஒரு கதை வந்துவிடும். பிரெஞ்சுப் படை மெக்சிகோவில் இருந்தது 1862 முதல் 1867 வரைதான். அதே குடும்பப் பெயர்களைப் பங்குக் கோயில் (அந்த வட்டாரத்துக்கான கோயில்) ஏட்டில் பின்னோக்கித் தேடினால், படை வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அங்கே குடியிருந்த ஸ்பானியர்களிடம் போய் நிற்பது வழக்கம். இந்த இடத்தில் ஏடு பாட்டியைத் தோற்கடிக்கிறது. பிரெஞ்சுத் தாத்தாவை இழக்கக் குடும்பத்தில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

ஏடுகள் இரண்டு வகை. 16ஆம் நூற்றாண்டிலிருந்து கோயில்கள் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகள் ஒரு பக்கம். பெனிட்டோ ஹுவாரெஸ் அரசு 1859இல் சட்டமாக்கிய சிவில் பதிவு இன்னொரு பக்கம். இரண்டிலும் பெரும்பகுதி படமாக்கப்பட்டு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிவில் பிறப்புப் பதிவில் குழந்தையின் பெற்றோரோடு இருபக்கத் தாத்தா பாட்டிகளின் பெயரும் பல சமயம் இருக்கும். ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை! பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை, பிள்ளைகளுக்கோ அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். தேடுபவருக்கு இது பெரிய வரம். எல்லை தாண்டி அமெரிக்க ஆவணத்துக்குப் போனதும்தான் சிக்கல். கார்சியா லோபெஸ் அங்கே வெறும் லோபெஸ் ஆகிவிடுவார், அதாவது அம்மாவின் பெயருக்குள் அடைபட்டுவிடுவார்.

ஏடு பொய் சொல்லாது என்றும் நினைத்துவிட வேண்டாம். கோயிலில் மட்டும் தாலி கட்டிய தம்பதியை (தாலி இல்லை, மோதிரம்தான், பேச்சுக்குச் சொல்கிறேன்) சிவில் பதிவாளர் தம்பதியாகவே மதிக்கவில்லை. அவர்களுடைய பிள்ளையை "இஹோ நாத்துரால்", அதாவது மணமாகாதவர்களுக்குப் பிறந்த பிள்ளை என்று எழுதி வைத்தார். அதே குழந்தை கோயில் ஏட்டில் முறையான வாரிசு. "எங்க அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆகலைன்னு யார் சொன்னது?" என்று பாட்டி கோபப்பட்டால், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் கிடைத்தால் பாருங்கள். சிவில் திருமணம், கோயில் திருமணம் என்று அவற்றில் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள்.

அப்புறம் நம் பாட்டி பிறந்த ஆண்டு. 1926 ஜூலை இறுதியில் மெக்சிகோவின் கோயில்களில் பொது வழிபாடு நின்றது. கோயிலைக் கட்டுப்படுத்திய அரசை எதிர்த்துக் கத்தோலிக்கர்கள் நடத்திய கிறிஸ்தேரோ போர் மூண்டது, லோஸ் ஆல்தோஸ் அதன் நெஞ்சுப் பகுதி. 1929 வரை பாதிரியார்கள் ஒளிந்து திரிந்து, வீடுகளிலும் களஞ்சியங்களிலும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவற்றில் சில பிற்பாடு ஏட்டில் ஏறின, சில ஏறவே இல்லை. "ராத்திரி, சோளக் குதிருக்குப் பக்கத்தில் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்களாம்" என்று பாட்டி சொன்னால், அந்த ஒரு வரிக்கு ஈடான தாள் எங்கும் இருக்காது.

பூர்வகுடி முன்னோர் விஷயத்தில் பாட்டியும் ஏடும் சேர்ந்தே திணறுவார்கள். காலனிக் காலத்தில் அவர்களில் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. ஹுவான் தியேகோ, மரியா கந்தெலாரியா என இரண்டு புனிதர் பெயர்கள், அவ்வளவுதான். ஒரே ஊரில் பத்து மரியா கந்தெலாரியாக்கள். போதாக்குறைக்கு 1822இல் ஏடுகளில் இனம் குறிப்பதைத் தடை செய்ததால், இந்தியோ (பூர்வகுடி), முலாத்தோ (ஆப்பிரிக்க, ஐரோப்பியக் கலப்பு) போன்ற குறிப்புகளும் மறைகின்றன. அந்தக் குறிப்புகளும் வழுக்கக்கூடியவை. மணிலாவிலிருந்து மெக்சிகோவுக்கு வந்த ஸ்பானிய வணிகக் கப்பலில் வந்த பிலிப்பைன்ஸ்காரர், இந்தியாவிலிருந்து வந்தவர் எல்லோரையும் "சீனோ" என்றுதான் எழுதினார்கள். சில ஊர்களில் அதே சொல்லுக்குக் கலப்பினத்தவர் என்றும் பொருள்.

டிஎன்ஏவுக்கு உண்மையான வேலை இங்கேதான். தாய்வழிக் கோடு பூர்வகுடிகளிடம் போகிறது என்று அது சொல்லிவிடும், ஆனால் எந்த ஊர், என்ன மொழி என்று கேட்டால் கையை விரிக்கும். அப்பா பெயர் காலியாக விடப்பட்ட பதிவு இருந்தால் ஒன்றுவிட்ட உறவுகளின் பொருத்தம் உதவும். அதிலும் ஒரு பொறி உண்டு. லோஸ் ஆல்தோஸில் உறவுக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எனவே தூரத்துச் சொந்தம் சோதனையில் நெருங்கிய சொந்தமாகத் தெரியும்.

ஆக என் வரிசை: பாட்டி, ஏடு, தேவைப்பட்டால் மட்டும் எச்சில். இணையத்தில் பிறர் போட்டு வைத்த வம்ச மரங்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒருவர் செய்த தவறை நாற்பது பேர் நகலெடுத்திருப்பார்கள்.

பாட்டியிடம் உட்காரும்போது ஆண்டைக் கேட்காதீர்கள். பரிகுத்தின் எரிமலை வெடித்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேளுங்கள், 1943 பிப்ரவரிக்கு முன்பா பின்பா என்று தெரிந்துவிடும். உங்கள் ஞானத்தாய் யார், அவர் அம்மாவுக்கு என்ன உறவு என்று கேளுங்கள். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் சொந்தக்காரர்கள், அந்தப் பெயர்கள் ஏட்டிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், நடந்தா கழுதையிலா, எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேளுங்கள். ராஞ்சோ இருந்தது ஒரு பங்கில், நடக்கப் பக்கமாக இருந்த கோயில் இன்னொரு பங்கில் என்றால், பாட்டியின் அண்ணன்மார் பெயர் அந்த இன்னொரு பங்கின் ஏட்டில்தான் இருக்கும்.