மண்வீட்டில் ஏழு ஆண்டுகள்: மேற்குச் சுவரின் ஓதமும் ஒரு சிமெண்ட் பூச்சும்

மேற்குச் சுவரின் பழுதுவேலை சென்ற வாரம்தான் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. கையில் ஒட்டிய சுண்ணாம்பைக் கழுவுவதற்குள், புதிதாக நிலம் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் அழைத்து, “உங்களைப் போலவே மண்ணையும் பழைய பொருள்களையும் கொண்டு நானும் ஒரு வீடு கட்டலாமா?” என்று கேட்டார். “வேண்டாம்” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வீட்டைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஏழு ஆண்டுகளாக அதன் பெருமையையே பேசிவந்த என்னிடமிருந்து அந்தச் சொல் வந்ததில் அவருக்கும் வியப்பு, எனக்கும் வியப்பு. அதற்குப் பின்னால் இருப்பதை அவருக்கும், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் முறையாக எழுதிவைப்பதே சரி என்று தோன்றியது.

மண்சுவரை எப்படி எழுப்புவது, டயருக்குள் மண்ணை எப்படித் திணிப்பது என்பவையெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். என் வீட்டைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். 50 சென்டிமீட்டர் உயரக் கருங்கல் பீடத்தின்மேல், வைக்கோல் கலந்து மிதித்துக் குழைத்த மண்ணை அடுக்கடுக்காக வைத்து எழுப்பிய 45 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர்கள், பின்புற மேட்டைத் தாங்கி நிற்கும் டயர்ச் சுவர், உள்ளே கண்ணாடி பாட்டில்கள் பதித்த ஒரு தடுப்பு, இடித்த கட்டடங்களிலிருந்து வந்த கதவுகளும் சன்னல்களும், கூரை நீரை வாங்கிக்கொள்ளும் நிலத்தடித் தொட்டி, சூரிய மின்சாரம், நீரில்லாமல் கழிவை உரமாக்கும் மட்கும் கழிப்பறை. வெளியிலிருந்து குடிநீர் இணைப்பும் இல்லை, மின் இணைப்பும் இல்லை.

இனி அந்த மேற்குச் சுவர். இரண்டாம் ஆண்டின் மழைக்காலம் முடிந்தபோது, பீடத்துக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு மண்பூச்சு அரித்துப் போயிருந்தது. தரையில் விழுந்து தெறிக்கும் மழைநீர் செய்த வேலை அது. மண்ணைக் குழைத்து மறுபடி பூசியிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். அடுத்த ஆண்டும் பூச வேண்டியிருந்திருக்கும். அந்த “ஆண்டுதோறும்” என்ற சொல்தான் என்னைத் தளர்த்தியது. வேறொரு வேலைக்காக வந்திருந்த கொத்தனார், கம்பி வலை அடித்துச் சிமெண்ட் பூசிவிட்டால் பிறகு திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்றார். அனுபவம் உள்ளவர், வேலையும் சுத்தமாக இருக்கும். நானும் சம்மதித்தேன்.

அவர் பூசியது நன்றாகவே இருந்தது. இன்றைக்கும் அந்தப் பூச்சில் குறை சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் இருந்த சுவர்தான் கெட்டுப்போயிற்று. நான்காம் ஆண்டில், பூச்சு முடியும் விளிம்புக்குச் சற்று மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. ஐந்தாம் ஆண்டில் உட்புறத்தில் வண்ணம் பொரிந்து உதிர்ந்தது. ஆறாம் ஆண்டில் விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் பொள்ளலான ஓசை கேட்டது. இந்த ஆண்டு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு மூலையில் உளி வைத்தேன். பூச்சு பலகைபோல் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த மண் ஈரக்களியாக இருந்தது. விரல் இரண்டாம் கணு வரை அதற்குள் இறங்கியது. கூரையைத் தாங்கும் சுவர் அது. அன்றிரவு நான் உறங்கவில்லை.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண்வீட்டின் நல்லதும் கெட்டதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கின்றன. சுட்ட செங்கல் நனைந்தாலும் செங்கல்தான். சுடாத மண்ணுக்கு வலிமை கொடுப்பது அதிலுள்ள களிமண்ணின் பிடிப்பு, அந்தப் பிடிப்பு உலர்ந்திருக்கும் வரையில்தான். மண்சுவருக்குள் ஈரம் புகாமல் ஒருநாளும் இருக்காது. தரையிலிருந்து கல் வழியாக ஏறும், சாரலில் நனையும், சமையலிலும் மூச்சிலும் எழும் ஆவியும் சேரும். புகுந்த ஈரம் முகப்பு வழியாக ஆவியாகி வெளியேறிவிட்டால் சுவருக்கு நூற்றாண்டுகள் ஆயுள் உண்டு. சிமெண்ட் பூச்சு அந்த வழியைப் பெருமளவு அடைத்துவிடுகிறது. மண்சுவர் ஈரத்துக்கேற்ப உப்பிச் சுருங்கும்போது விறைப்பான பூச்சு அதனோடு அசைய முடியாமல் மயிரிழை வெடிப்பு விடுகிறது. அந்த வெடிப்பு மழைநீரை உள்ளே வாங்குகிறது, திரும்ப வெளியே விடுவதில்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பல நூற்றாண்டுகளாக நின்ற மண்சுவர் வீடுகளில் சில, கடந்த நூற்றாண்டில் சிமெண்ட் பூசப்பட்ட பிறகு இதே முறையில் உள்ளுக்குள் நனைந்து இடிந்திருக்கின்றன. சுவர் எழுப்புவதற்கு முன்பே நான் அதைப் படித்திருந்தேன். படித்தும் சம்மதித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் பிழை இன்னொன்றும் இருந்தது. வீடு கட்டிய முதல் ஆண்டில் மேற்குச் சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி ஒன்று அமைத்து, ஆண்டுதோறும் மட்கிய மண்ணும் போட்டுவந்தேன். இப்போது தோண்டி அளந்தபோது, பாத்தி பீடத்தில் 30 சென்டிமீட்டரை விழுங்கியிருந்தது. மண்சுவரைத் தரை ஈரத்திலிருந்து விலக்கிவைக்கத்தான் கல் பீடம் கட்டினேன். அதன் பாதிக்கு மேல் நானே புதைத்து, நாள்தோறும் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன். அந்தச் செடிகளை நான் மிகவும் நேசித்தேன். இப்போது அங்கே ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல் மட்டுமே கிடக்கிறது.

பழுது பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரைக்கு முட்டுக் கொடுத்து, பூச்சு முழுவதையும் உரித்து, சுவரை ஐந்து வாரம் ஆறவிட்டேன். குழிந்த இடங்களில் ஈர மண்ணை அப்படியே அப்பவில்லை. ஈர மண் காயும்போது சுருங்கிப் பழைய சுவரிலிருந்து விலகிவிடும். அதே மண்ணில் கட்டிகள் செய்து, நன்றாகக் காயவைத்து, குழியைச் சதுரமாக வெட்டி, மெல்லிய மண்சாந்தில் பதித்தேன். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டு, நீரில் நீற்றி, பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஒரே நாளில் இறுகிப்போகும் பொருள் அன்று அது. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் நாள் கொடுக்க வேண்டும். அவசரம் காட்டினால் பொடியாக உதிரும்.

என் கோபமெல்லாம் இதைச் செய்யத் தெரிந்த கை கிடைப்பதில்லை என்பதில்தான். நான் அழைத்துப் பேசிய நான்கு பேரும் சிமெண்ட் மூட்டை இல்லாமல் வேலைக்கு வர மறுத்தார்கள். ஒருவர், சுண்ணாம்பில் ஒரு பங்கு சிமெண்ட் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், சுவருக்குத் தெரியாது என்றார். அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் கற்ற தொழில் அது, கேட்கிறவர்கள் கேட்பதும் அதுதான். சிமெண்டும் என் எதிரி அன்று. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது என்பதால் அதைக் குறைக்க நினைத்தேனே தவிர, என் தண்ணீர்த் தொட்டி சிமெண்டால்தான் ஆனது, அது ஒரு சொட்டும் ஒழுகவில்லை. இறுதியில் சுவர் முழுவதையும் நானே பூசினேன். இரண்டு மாதங்கள் போயின.

தன்னிறைவு வீடு என்ற பேச்சில் இந்தக் கணக்கை யாரும் சேர்ப்பதில்லை. பலர் கூடி மண் மிதிக்கும் முதல் வாரத்தின் படங்களை எங்கும் பார்க்கலாம். ஏழாம் ஆண்டில் ஒருவர் தனியாகச் சாரத்தில் நிற்கும் படத்தை நான் பார்த்ததில்லை. மாலி நாட்டின் ஜென்னே நகரில் 1907-இல் எழுந்த பெரிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறதென்றால், ஊரே திரண்டு ஆண்டுதோறும் அதற்கு மண் பூசுகிறது என்பதால்தான். ஏமனின் ஷிபாம் நகரில் பல மாடி மண்கட்டடங்கள் நிற்கின்றன, பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டின் அமைப்பு அது. அங்கும் பூச்சைப் புதுப்பிப்பது ஓயாத வேலை. ஓர் ஊரின் கைகள் தாங்கும் பொறுப்பை நான் ஒரு குடும்பத்தின் தோளில் ஏற்றியிருக்கிறேன். என் வீடு நீரிலும் மின்சாரத்திலும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கைகளில் அதற்குத் தன்னிறைவு கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகு, நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த வீட்டின் கோடைப் பகலுக்கு ஈடாக நான் வேறெதையும் அனுபவித்ததில்லை. வெளியே வெப்பமானி 39 டிகிரியைக் காட்டும் பிற்பகலில் கூடத்தில் 29, சில நாள் 30. மின்விசிறி மட்டும் மெல்லச் சுழலும். இந்தத் தடிமனுள்ள மண்சுவரில் வெளிவெப்பம் உள்முகத்தை எட்டப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகும். அது வந்து சேரும்போது நள்ளிரவு, சன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். இதை எதிர்பார்த்தே கட்டினேன். எதிர்பாராதது காற்றின் தன்மை. களிமண் காற்றிலுள்ள மிகையான ஈரத்தை வாங்கிவைத்து, வறண்ட வேளையில் திருப்பித் தருகிறது. மழைக்காலத்தில் அலமாரித் துணிகளில் பூஞ்சை வாடை வந்ததே இல்லை. அமைதியும் அப்படித்தான்: கதவைச் சாத்தினால் வெளியுலகின் ஓசை எங்கோ தொலைவுக்குப் போய்விடுகிறது, எங்கள் பேச்சுக்குரல்கூட எதிரொலி இல்லாமல் மென்மையாகக் கேட்கிறது. முதன்முதலில் வந்த விருந்தினர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் கவனித்திருக்கிறேன். மாலையில் பாட்டில் சுவர் வழியாகத் தரையில் விழும் பச்சை வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகவே வேலையை நிறுத்திவிட்டு உட்காரும் நாள்கள் இன்னும் உண்டு.

மற்றவற்றில் பெரிய குறை இல்லை. டயர்ச் சுவர், 1970-களிலிருந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து டாவோஸ் பகுதியில் கட்டடக் கலைஞர் மைக்கேல் ரெனால்ட்ஸ் வளர்த்தெடுத்த முறையில் கட்டியது. ஒரு டயருக்குள் 130 கிலோ அளவுக்கு மண் திணிக்க வேண்டும், முதுகு ஒடியும், அதன்பின் அது ஓர் அங்குலமும் அசையவில்லை. தண்ணீர்க் கணக்கு எளியது: 110 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,100 லிட்டர், கூரை அழுக்கோடு வரும் முதல் நீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 900 லிட்டர் தொட்டிக்கு வருகிறது. மின்சாரத்தில் முதல் ஈய அமில பேட்டரிகள் நான்காம் ஆண்டிலேயே இறந்தன. மழைநாள்களில் சேமித்த மின்சாரத்தைப் பாதிக்குக் கீழே வடியவிட்டதன் பலன் அது. இப்போது இருப்பவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. மட்கும் கழிப்பறை, மரத்தூளைத் தாராளமாகப் போட்டால் நாறுவதில்லை. பழைய சன்னல்களில் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது. இரண்டுக்குக் கீழ்விளிம்பு நீட்டம் போதாமல், அங்கும் சுவரில் நீர்க்கோடு விழுந்திருக்கிறது. அது அடுத்த வேலை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் வீடுதான் வெல்கிறது, சந்தேகமில்லை. வேறொரு வீட்டுக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. இருந்தும் நண்பருக்குச் சொன்ன “வேண்டாம்” என்பதை நான் திரும்பப் பெறவில்லை. நிலம் ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலுமாக, விடுமுறைக்கு மட்டும் வந்து தங்க நினைக்கிறவர் அவர். இரண்டு மழைக்காலம் பார்ப்பாரற்று நின்றால் இந்தச் சுவர் என்ன ஆகும் என்பதை என் விரல் அறிந்திருக்கிறது. மணிக்கட்டு வலி குறைந்தபின், கோடையின் நடுவில் கேட்டிருந்தால் வேறுவிதமாகச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்றைக்கு என் பதில் அதுதான்.

அதையும் மீறிக் கட்டுவதானால், பீடத்தை 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் எழுப்புங்கள். இறவாரம் சுவரைத் தாண்டி ஒரு மீட்டராவது நீளட்டும். சுவரோரம் செடி வேண்டாம். சுண்ணாம்பு பூச நீங்களே கற்றுக்கொண்ட பிறகு கடைக்கால் தோண்டுங்கள். மேற்குச் சுவரின் தென்மூலையில் எனக்கு இன்னும் மூன்றாம் பூச்சு பாக்கியிருக்கிறது. மழைக்கு முன் அது இறுகியாக வேண்டும்.