‘மொத்த டிக்கெட் வாங்கித் தருகிறோம்’ என்று வருபவர்களை நம்பாதீர்கள்: எங்கள் 12,600 ரூபாய் போய்விட்டது

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரஜினி படம் ரிலீஸ் என்றால் சென்னை ஓ.எம்.ஆர். சாலை ஆபீஸ்களில் என்ன நடக்கும் என்று தெரியும். எங்கள் டீமில் 14 பேர். மேனேஜரும் வருவதாகச் சொல்லிவிட்டார், அதனால் லீவு பிரச்சினை இல்லை. 2023 பொங்கலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிக்கு அனுமதி கிடையாது, 9 மணிதான் முதல் காட்சி. பெங்களூர்க்காரர்கள் 6 மணிக்கே பார்த்துவிட்டு கதையைப் போட்டு உடைப்பார்கள் என்பதால், எங்களுக்கு அந்த 9 மணிக் காட்சியே வேண்டும். முன்பதிவு திறந்ததும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். சேர்ந்தாற்போல் நாலு சீட்டுகூடச் சிக்கவில்லை.

அப்போதுதான் மெசேஜ் ஆப்பில் ஒரு டிக்கெட் குழு கண்ணில் பட்டது. கம்பெனிகளுக்கு மொத்தமாக எடுத்துத் தருவார்களாம். தலைக்கு 900 ரூபாய். மல்டிபிளெக்ஸ் சாதாரண சீட்டு வரியோடு சுமார் 190 ரூபாய்தான், அரசு உச்சவரம்பே இருக்கிறது. ஆனால் முதல் நாளில் அந்த விலைக்கு ஒரே வரிசையில் 14 சீட்டு யாருக்குக் கிடைத்திருக்கிறது?

அந்தக் குழுவை நடத்துகிற ஆள் பணத்துக்கு அவசரப்படவே இல்லை. “அண்ணா, முதல்ல ஒரு டிக்கெட் அனுப்புறேன். தியேட்டர்லயே காட்டிக் கேட்டுக்குங்க. அப்புறம் பணம் போடுங்க” என்றான். எங்களில் ஒருத்தர் வீடு தியேட்டருக்குப் பக்கம். கவுன்ட்டரில் காட்டினார். எஃப் வரிசை, 5-ம் எண், நிஜ டிக்கெட்தான் என்றார்கள். இதற்கு மேல் என்ன விசாரிப்பது? போனில் அத்தனை பணிவு. எங்கள் மேனேஜருக்கு ஓரத்து சீட்டு வேண்டும் என்று நான் சொன்னதைக்கூட ஞாபகம் வைத்து, “சாருக்கு 18 போட்டிருக்கேன்ணா” என்றான். 12,600 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். ராத்திரியே க்யூஆர் கோடோடு 14 டிக்கெட்டும் வந்தன.

வாசலில் முதல் டிக்கெட்டை ஸ்கேன் செய்ததும், “தம்பி, இதுல ஏற்கெனவே ஆள் உள்ளே போயாச்சு” என்றார் செக்யூரிட்டி. மற்ற 13-ம் செல்லவே இல்லை, அதே டிக்கெட் படத்தில் சீட்டு எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறான். பக்கத்தில் சிறுசேரியிலிருந்து வந்த இன்னொரு கும்பல், அவர்கள் கையிலும் எஃப் 5! உள்ளே விசில் பறக்கிறது, நாங்கள் பார்க்கிங்கில் நிற்கிறோம்.

போன் செய்தால், “சர்வர் பிரச்சினைண்ணா, சாயங்காலத்துக்குள்ள ரீஃபண்ட்.” சாயங்காலம் கேட்டால், ரீஃபண்ட் போட 500 ரூபாய் கட்டணமாம்! திட்டினேன், பிளாக் செய்துவிட்டான். தியேட்டர் மேலாளர், “எங்க கவுன்ட்டர்ல வாங்கலையே சார்” என்று முடித்துக்கொண்டார். முன்பு கவுன்ட்டரில் காட்டியபோது சரி என்று சொன்னது யாராம்? அதற்குப் பதில் இல்லை. வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். 12,600 ரூபாய் அவர்களுக்குச் சில்லறை போலிருக்கிறது. ஆபீஸில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் லிஃப்டில் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ஒரு டிக்கெட் நிஜம் என்பதற்காக மற்றதை நம்பாதீர்கள், ஒரே டிக்கெட்டை எத்தனை பேருக்கும் அனுப்பலாம். ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பணம் தராதீர்கள். ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். தாமதித்தால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிடும். நானும் புகார் கொடுத்திருக்கிறேன், இதுவரை கையில் இருப்பது ஒரு புகார் எண் மட்டும்தான்.

அந்தக் குழு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நண்பர் எண்ணிலிருந்து பார்த்தேன், அடுத்த பெரிய படத்துக்கு ‘கம்பெனி புக்கிங் ஆரம்பம்’ என்று போட்டிருக்கிறான். கீழே 12,600 ரூபாய் எங்கே என்று கேட்டேன். அந்த எண்ணையும் நீக்கிவிட்டான்.